மூன்று நாள் உலை

ஜப்பானிய வாளுக்கு வேண்டிய எஃகு இன்றைக்கும் மண்ணால் கட்டிய உலையில்தான் பிறக்கிறது. ஷிமானே மாகாணத்தின் மலைப்பகுதியான ஒகுஇசுமோவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த உலையைப் புதிதாகக் கட்டுகிறார்கள். மூன்று பகல், மூன்று இரவு இடைவிடாமல் எரிக்கிறார்கள். பிறகு உலையையே உடைத்து, உள்ளே கிடக்கும் எஃகுப் பாளத்தை இழுத்தெடுக்கிறார்கள். ஒரு முறை எரிந்த உலை மறுமுறைக்கு ஆகாது. இந்தத் தொழில்முறைக்குத் தத்தரா என்று பெயர்.

அந்த உலைக்கூடத்துக்குள் வெளியாட்கள் நுழைய அனுமதி கிடைப்பது அரிது. ஆனால் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் அருங்காட்சியகங்கள், பழைய உலைக்கூடம், இரும்பு முதலாளிகளின் வீடுகள், உலைத் தெய்வத்தின் கோயில், வயல்கள் எல்லாம் போய்ப் பார்க்கும்படி இருக்கின்றன. 1945இல் அணைந்த ஒரு தொழில் 1977இல் எப்படி மறுபடி மூண்டது என்பதை அந்த இடங்களில் நின்று புரிந்துகொள்ள விரும்பி, அறுவடை முடிந்த இலையுதிர் காலத்தில் அங்கே போனேன்.

ஷின்ஜி ஏரிக்கரையிலிருந்து கிசுகி பாதையில் ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் தெற்கே மலையேறுகிறது. சமவெளியில் ஓடும் ஹீ ஆற்றைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர் அன்று, மணல்தான். அகன்ற படுகை முழுக்க வெளிறிய மணல் திட்டுகள். நடுவே பின்னிப் பின்னிப் போகும் நீர். பல நூற்றாண்டுகளாக மலையிலிருந்து இறங்கிய மண் படிந்து, ஆற்றின் படுகை சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டு வெள்ளத்தில் இந்த ஆறு தன் திசையையே மாற்றிக்கொண்டு கிழக்கே திரும்பி ஏரியில் விழுந்தது. இன்று நெல் விளையும் இசுமோ சமவெளியின் பெரும்பகுதி இந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். அந்த மண்ணில் கணிசமான பங்கு, இரும்புக்காக மனிதர்கள் வெட்டிக் கரைத்த மலை.

712இல் தொகுக்கப்பட்ட கோஜிகி நூலில் வரும் எட்டுத் தலைப் பாம்பு ஒரோச்சியின் கதை இந்த ஆற்றங்கரையில்தான் நடக்கிறது. சுசானோவோ என்ற தெய்வம் அந்தப் பாம்பை வெட்டும்போது அதன் வாலிலிருந்து ஒரு வாள் வெளிப்படுகிறது. அந்தப் பாம்பு, இரும்பு மணலால் சிவந்து எட்டுத் திசையாகப் பெருகிய ஆறேதான் என்று பொருள் கொள்வோர் உண்டு. கதையின் பொருள் எதுவானாலும், வாள் கிடைத்த இடமாக மக்கள் நினைவில் நிற்பது எஃகு விளைந்த இந்த மலைதான்.

மலையைக் கரைத்தவர்கள்

ஒகுஇசுமோவின் மலைகள் கருங்கல் சிதைந்து பொலபொலவென்று உதிரும் மண்ணாலானவை. அந்த மண்ணில் இரும்பு மணல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே பெரிது. அதைப் பிரித்தெடுக்க இவர்கள் கண்ட வழி தண்ணீர். மலையுச்சி ஓரமாக வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவருவார்கள். மலைச்சரிவை மண்வெட்டியால் சரித்து அந்த நீரில் தள்ளுவார்கள். கலங்கிய நீர் படிப்படியாக அமைந்த தொட்டிகளில் இறங்கும்போது கனமான கரு மணல் அடியில் தங்கும்; லேசான மண் வழிந்து ஆற்றுக்குப் போகும். ஒரு முறை உலை எரிய 10 டன் இரும்பு மணல் வேண்டும். அப்படியானால் அந்த ஒரு உலைக்காகக் கரைந்த மண் ஆயிரம் டன் அளவுக்கு இருக்கும்.

கீழே உழவர்கள் இருக்கிறார்கள். சேற்று நீர் வயலுக்குள் பாய்ந்தால் பயிர் போகும், வாய்க்கால் தூரும். அதனால் இலையுதிர் காலத்துச் சமநாளிலிருந்து வசந்த காலத்துச் சமநாள் வரை, அதாவது நடவு இல்லாத மாதங்களில் மட்டுமே மலையைக் கரைக்கலாம் என்ற கட்டுப்பாடு உருவானது. உழவர்களுக்கு வேலை இல்லாத காலமும் அதுதான். கோடையில் நெல், குளிரில் இரும்பு என்று ஒரே மனிதரின் இரண்டு கைகளும் இரண்டு தொழிலுக்குப் பழகின.

மலையைக் கரைத்துவிட்டு அப்படியே போட்டிருந்தால் இந்த ஊர் பாழ்நிலமாகியிருக்கும். இவர்கள் அப்படி விடவில்லை. சரித்த இடத்தை மட்டம் செய்தார்கள். மண் கழுவ வந்த வாய்க்காலையே பாசன வாய்க்காலாக்கினார்கள். படி படியாக வயல் அமைத்தார்கள். இரும்பும் கரியும் சுமந்த மாடுகளின் சாணம் அந்த வயலுக்கு எருவானது. இன்று நீதா அரிசி என்று ஜப்பான் முழுக்கப் பெயர் பெற்ற நெல் விளைவது இந்த வயல்களில்தான்.

வயல்களின் நடுவே ஆங்காங்கே சிறு குன்றுகள் தனியாக நிற்கின்றன. உச்சியில் நாலைந்து மரங்கள், ஒரு சிறு கோயில் அல்லது சில கல்லறைகள். முதலில் பார்க்கும்போது யாரோ மண்ணைக் குவித்து எழுப்பியதாகவே தோன்றும். உண்மையில் சுற்றியிருந்த மலை முழுவதும் கரைந்துபோக, தெய்வமும் முன்னோரும் இருந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டதால் மிஞ்சியவை அவை. வரப்பில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், பழைய நிலமட்டம் எது என்பதைத் தன் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினார். அவர் காட்டிய உயரத்துக்கும் நான் நின்ற வயலுக்கும் இடையே இருந்த அத்தனை மண்ணும் இரும்பாகவும் கடலோரச் சமவெளியாகவும் போயிருக்கிறது. 2014இல் ஜப்பான் அரசு இந்த நிலக்காட்சியை முக்கியப் பண்பாட்டு நிலக்காட்சியாக அறிவித்தது. 2019இல் இங்குள்ள வேளாண்மை, நாட்டின் முக்கிய வேளாண் மரபுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்குள் நுழையும் முன்னே இந்த வயல்களைப் பார்த்துவிட வேண்டும். பிறகு காணும் ஒவ்வொரு கருவிக்கும் பொருள் இங்கேதான் இருக்கிறது.

குறுக்கே வெட்டிக் காட்டிய உலை

யோகோதா ஊரில் இருக்கிறது ஒகுஇசுமோ தத்தரா வாள் அருங்காட்சியகம். அதன் நடுவே உலையின் முழு அளவு மாதிரி ஒன்று நிற்கிறது. தரைக்கு மேலே தெரிவது படகு வடிவ மண் தொட்டி: சுமார் 3 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். ஆனால் மாதிரியைக் குறுக்கே வெட்டி வைத்திருப்பதால் தரைக்குக் கீழே இருப்பதும் தெரிகிறது. நான் அதிக நேரம் நின்றது அந்தக் கீழ்ப்பகுதியின் முன்னால்தான்.

3 மீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டி, அடியில் நீர் வடியும் கால் வைத்து, அதன் மேல் சரளையும் கரியும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் போட்டிருக்கிறார்கள். உலைக்கு நேர் கீழே, கரியும் சாம்பலும் அடித்து இறுக்கிய நீண்ட படுக்கை. அதன் இருபுறமும் இரண்டு சுரங்க அறைகள். கட்டும்போது இவற்றில் நாள் கணக்கில் விறகை எரித்துச் சுற்றிலும் உள்ள மண்ணை உலர்த்துவார்கள். நிலத்தின் ஈரம் துளியளவு மேலேறினாலும் உலையின் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கினால் எஃகு சேராது. மேலே இருக்கும் உலை மூன்று நாளில் உடைபடும். கீழே இருக்கும் இந்த அடித்தளம் தலைமுறை தலைமுறையாக நிற்கும்.

உலையின் இரு நீண்ட சுவர்களின் அடிப்பகுதியில் பக்கத்துக்குச் சுமார் 20 துளைகள். ஒவ்வொன்றுக்கும் துருத்தியிலிருந்து ஒரு மூங்கில் குழாய். கரியைப் போட்டு மூட்டிய பின் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு முறை இரும்பு மணலையும் கரியையும் மாற்றி மாற்றித் தூவுகிறார்கள். மூன்று நாளில் சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் உள்ளே போகின்றன. வெளியே வருவது ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ள ஒரு பாளம். அதற்குக் கேரா என்று பெயர். அந்தப் பாளத்திலும் வாளுக்கு ஏற்ற தமஹகானே என்னும் தூய எஃகு ஒரு டன்னுக்கும் குறைவு.

உலையின் சுவர் வெறும் பாத்திரமாக நிற்பதில்லை என்பது இங்கே எனக்குத் தெளிவாகப் புரிந்த விஷயம். சுவரின் களிமண் கொஞ்சம் கொஞ்சமாக உருகி, மணலில் உள்ள வேண்டாத பொருள்களோடு சேர்ந்து கசடாகி, அடியில் உள்ள வாய் வழியே வழிந்தோடுகிறது. சுவர் தன்னையே கொடுத்துத்தான் எஃகைத் தூய்மையாக்குகிறது. பாளம் வளர வளரச் சுவர் உள்ளிருந்து மெலிகிறது. மூன்றாம் நாள் முடிவில் அது இனித் தாங்காது என்ற அளவுக்குத் தேய்ந்துவிடும். மூன்று நாள் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. எந்த மலையின் களிமண், அதில் எவ்வளவு மணல், சுவரின் தடிமன் எவ்வளவு என்று தீர்மானிப்பதிலேயே வேலையின் பாதி முடிந்துவிடுகிறது.

இன்றைய பெரிய எஃகு ஆலைகள் இரும்பை முழுக்க உருக்கித் திரவமாக்குகின்றன. தத்தராவில் சூடு அதைவிடக் குறைவு. எஃகு முழுக்க உருகி ஓடாமல், பிசைந்த மாவு போல ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்கிறது. குறைந்த சூட்டாலும், கந்தகம் இல்லாத மரக்கரியாலும், தூய மணலாலும் எஃகைக் கெடுக்கும் பாஸ்பரசும் கந்தகமும் மிகச் சிறிதளவே உள்ளே போகின்றன. தமஹகானேயில் கரிமத்தின் அளவு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம். கொல்லர் அதைத் தட்டி, மடித்து, மறுபடி தட்டும்போது பிளவுபடாமல் ஒன்றாகப் பற்றிக்கொள்வது இந்தத் தூய்மையால்தான்.

சுகயாவின் கூரைக்குக் கீழே

மேற்கே யோஷிடா மலையூரில் சுகயா தத்தரா இருக்கிறது. ஜப்பானில் பழைய உலைக்கூடம் அப்படியே எஞ்சியிருப்பது இங்கே மட்டும்தான். 1751இல் தொடங்கி 1921 வரை, 170 ஆண்டுகள், இங்கே உலை எரிந்தது. 1850இல் ஒரு தீ விபத்துக்குப் பின் திரும்பக் கட்டிய கூடம்தான் இன்று நிற்கிறது. ஏறக்குறைய 18 மீட்டர் சதுரம். மரப்பலகை ஓடுகள் வேய்ந்த பெருங்கூரை. தீப்பொறியும் சூடும் வெளியேற உச்சியில் திறப்பு.

உள்ளே மண்தரை. நடுவில் உலை, அதன் இருபுறமும் துருத்திகள், மூலைகளில் கரிக்கும் மணலுக்கும் களிமண்ணுக்கும் தனித்தனி இடம். உலையின் தலைவர் முராகே. அவருக்கு ஒரு பக்கம். துணைத் தலைவர் சுமிசாகாவுக்கு மறுபக்கம். இருவருக்கும் உட்கார, சிறிது கண்ணயர என்று ஒதுக்கிய மேடைகள் எதிரெதிரே இருக்கின்றன. மூன்று நாளும் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. இடையிடையே கிடைக்கும் சிறு தூக்கம் மட்டும்தான். காது உலையின் சத்தத்திலேயே இருக்க வேண்டும்.

சுற்றிக் காட்டிய முதியவர் இந்த ஊர்க்காரர். கரிப்புகையில் கறுத்த ஒரு தூணைக் கையால் தடவிக்கொண்டே பேசினார். "ஐயா, இங்கே மூணு நாள் வேலை முடிஞ்சா உலையை உடைப்பாங்க. உடனே அடுத்த உலைக்கு மண் மிதிக்க ஆரம்பிச்சிடுவாங்க. இந்தக் கூரை வருஷத்துல பல நாள் சூடு ஆறினதே இல்லையாம். எங்க தாத்தா காலத்துல அப்படித்தான்" என்றார். கூட வந்த நண்பர் அதை எனக்குச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, உலை இருந்த இடத்தை நோக்கித் தலை தாழ்த்திவிட்டு அடுத்த இடத்துக்கு அழைத்துப் போனார்.

கூடத்தைச் சுற்றி ஒரு சிற்றூரே இருக்கிறது. தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகள், எஃகைத் தரம் பிரித்த அலுவலகக் கட்டடம், பெரும் பாளத்தை உடைத்த கூடம். இரண்டரை டன் பாளத்தைச் சம்மட்டியால் உடைக்க முடியாது. நீர்ச்சக்கரத்தின் விசையில் பெரும் இரும்பு எடையை உயரே தூக்கி, பாளத்தின் மேல் விழச் செய்து உடைத்தார்கள். உடைந்த துண்டுகளின் முறிந்த முகத்தைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். உருக்குபவர், கரி சுடுபவர், மணல் கழுவுபவர், தரம் பிரிப்பவர், அவர்தம் மனைவி மக்கள் எல்லோரும் ஒரே மலை மடிப்பில் வாழ்ந்தார்கள். 1967இல் இந்தக் குடியிருப்பு முழுவதும் நாட்டின் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

கூடத்தின் வாசலருகே ஒரு கட்சுரா மரம் வானளாவ நிற்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் அதன் தளிர்கள் சுமார் மூன்று நாள் மட்டும் உலைத்தீ நிறத்தில் சிவந்து, பிறகு பச்சையாகுமாம். உலைக்காரர்களின் தெய்வம் கனயாகோ வெள்ளைக் கொக்கின் மேல் பறந்துவந்து இறங்கியது ஒரு கட்சுரா மரத்தில் என்பது இவர்கள் நம்பிக்கை. அவள் இறங்கியதாகச் சொல்லும் இடத்தில், யசுகி நகருக்கு உட்பட்ட மலைக்கிராமமான நிஷிஹிதாவில், அவளுடைய தலைமைக் கோயில் இருக்கிறது. படிக்கட்டின் அடியில் பக்தர்கள் கொண்டுவந்து வைத்த பெரிய இரும்புப் பாளங்கள் கிடக்கின்றன. நாயும் படர்கொடியும் அவளுக்கு ஆகாதவை. பெண் தெய்வமான அவளுக்குப் பெண்கள் உலைக்கூடத்துக்குள் வருவதும் ஆகாது என்று கொண்டு, அவர்களை உள்ளே விடவில்லை. 1997இல் வெளிவந்த இளவரசி மோனோனோகே திரைப்படத்தில் பெண்கள் துருத்தி மிதிக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. இங்கு வாழ்ந்த பெண்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றே இந்தத் தொழிலைத் தாங்கினார்கள்.

துருத்தி மிதித்த கால்கள்

யசுகி துறைமுகத்தில் உள்ள வாக்கோ அருங்காட்சியகத்தில் பழைய உலைக் கருவிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். மலையில் விளைந்த இரும்பு குதிரையிலும் மாட்டிலும் இறங்கி, இந்தத் துறையிலிருந்துதான் கப்பலேறியது. அங்கே பார்வையாளர்கள் மிதித்துப் பார்க்க ஒரு தராசுத் துருத்தி இருக்கிறது. நடுவில் நின்று இடக்காலை அழுத்தினால் ஒரு பலகை இறங்கிக் காற்றைத் தள்ளுகிறது. மறுபலகை தானே உயர்கிறது. அடுத்து வலக்கால். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த அமைப்பு வந்ததால், முன்பு பலர் கூடி மிதித்த வேலையை ஒருவரே செய்ய முடிந்தது.

நானும் மிதித்தேன். சிறிது நேரத்திலேயே தொடையில் வலி ஏறியது. இதைச் செய்த பான்கோ என்னும் தொழிலாளிகள் முறை வைத்து மாறி மாறி, இரவு பகலாக மூன்று நாள் மிதித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எரியும் தீ. காற்றின் சீர் ஒரு நிமிடம் தடுமாறினாலும் முராகேயின் குரல் வரும். வாளின் புகழில் கொல்லரின் பெயர் பொறிக்கப்படுகிறது. முராகேயின் பெயர் ஆவணங்களில் இருக்கிறது. பான்கோவின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. அந்தத் துருத்தியின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் பட்டது.

கரிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு முறை உலை எரிய ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் காடு வேண்டும். வெட்டிய காடு மறுபடி கரிக்கு ஏற்றதாக வளரச் சுமார் 30 ஆண்டு ஆகும். ஓர் உலை ஆண்டுக்கு 60 முறை எரிந்தால், காடு அழியாமல் சுழற்சியில் வெட்ட 1,800 ஹெக்டேர் தேவை. தனாபே, சகுராய், இதோஹாரா முதலிய இரும்புக் குடும்பங்கள் மலைத்தொடர்களையே சொந்தமாக வைத்திருந்தது இதனால்தான். இதோஹாரா குடும்பத்தின் நினைவு அருங்காட்சியகத்தில் தேநீர்க் கோப்பைகளோடும் ஓவியங்களோடும் கணக்கேடுகளும் இருக்கின்றன. அழகிய தோட்டங்களைவிட அந்தக் கணக்கேடுகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. எந்த மலையை எப்போது வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்று பேரன் காலம்வரை யோசித்த ஒழுங்கு அந்தத் தொழிலுக்குள்ளேயே இருந்தது.

அணைந்ததும் மூண்டதும்

மெய்ஜி காலத்தில் மேலைநாட்டு எஃகு மலிவாக வந்து இறங்கியது. அதற்குப் பிறகு ஜப்பானிலேயே பெரிய ஆலைகள் எழுந்தன. மூன்று நாள் எரிந்து இரண்டரை டன் தரும் மண் உலை அந்தப் போட்டியில் நிற்க முடியவில்லை. 1920களில் தத்தராக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1933இல் ராணுவ அதிகாரிகளின் வாளுக்காக ஒகுஇசுமோவின் தோரிகாமியில் ஒரு தத்தரா மறுபடி எரிந்தது. 1945இல் போர் முடிந்ததும் அதுவும் நின்றது.

அதன் பின் வாள் கொல்லர்கள் கையிருப்பில் இருந்த பழைய எஃகைக் கொண்டு காலம் தள்ளினார்கள். இருப்பு தீரத் தீர, நல்ல வாள் செய்ய முடியாத நாள் நெருங்கியது. 1969இல் ஜப்பான் இரும்பு எஃகுச் சங்கம் யோஷிடாவில் பழைய முறையைச் செய்து பார்த்து ஆராய்ந்தது. அப்போது எடுத்த படத்தை யோஷிடாவின் இரும்பு வரலாற்று அருங்காட்சியகத்தில் திரையிடுகிறார்கள். முதிய உலைக்காரர்கள் களிமண்ணைப் பிசைந்து சுவர் எழுப்புவதையும், தீயருகே குனிந்து துளை வழியே பார்ப்பதையும் அதில் காணலாம். பேச்சு மிகக் குறைவு. ஒருவர் கையை அசைத்தால் மற்றவருக்குப் புரிகிறது.

1977இல் ஜப்பானிய கலை வாள் பாதுகாப்புச் சங்கம் தோரிகாமியில் உலையை மீட்டது. போர்க்காலத் தத்தராவின் நிலத்தடி அமைப்பு சேதமில்லாமல் இருந்தது பெரும் துணை. அதைவிடப் பெரிய துணை, அதே தத்தராவில் முராகேயாக இருந்த அபே யோஷிசோவும் குமுரா கன்ஜியும் உயிரோடு இருந்தது. இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். 30 ஆண்டுக்கு மேல் தீயைத் தொடாமல் இருந்த கைகள் மறுபடி உலை கட்டின. யசுகி எஃகு ஆலையில் பணியாற்றிய கிஹாரா அகிரா, அபேயிடம் கற்றுப் பின்னாளில் முராகே ஆனார்; 1986இல் அரசு அவரை இக்கலையைக் காப்பவராக அங்கீகரித்தது. அவருக்குப் பின் வத்தானபே கட்சுஹிகோவும் அந்த அங்கீகாரம் பெற்றார். பல ஊர்களிலிருந்து வந்த இளம் கொல்லர்கள் இவர்களின் கீழ் உலையில் நின்று கற்றார்கள்.

இந்த அறிவை ஏன் புத்தகத்திலிருந்து எடுக்க முடியவில்லை? புத்தகம் இல்லாமல் இல்லை. 1784இல் ஷிமோஹாரா ஷிகெனாகா எழுதிய இரும்புத் தொழில் நூலில் ஒவ்வொரு கட்டத்திலும் தீ என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது: தொடக்கத்தில் காலைச் சூரியன், நடுவில் உச்சிச் சூரியன், முடிவில் மேற்கு மலையில் இறங்கும் சூரியன். ஆனால் எந்தக் காலைச் சூரியன் என்று பக்கத்தில் நின்று காட்ட ஒருவர் வேண்டும். மணல் ஈரமாக இருந்தால் எவ்வளவு குறைப்பது, கசடு தடித்து வந்தால் எந்தப் பக்கம் கரி சேர்ப்பது, உலைக்குள் எழும் கொதிப்பின் சத்தம் எப்போது மாறுகிறது என்பதெல்லாம் கண்ணும் காதும் பழகிச் சேர்வது. இளைஞர் முதல் உலையில் கரி சுமப்பார். பல குளிர்காலங்கள் கழித்துத்தான் மணல் தூவும் மரத்தட்டு அவர் கைக்கு வரும்.

வாள் அருங்காட்சியகத்தில் குறிப்பிட்ட நாட்களில் கொல்லர்கள் எஃகைத் தட்டிக் காட்டுகிறார்கள். தலைமைக் கொல்லர் சிறு சுத்தியலால் பட்டடையில் தட்டிச் சைகை கொடுக்க, உதவியாளர்கள் பெரிய சம்மட்டிகளை ஓங்கி அடித்தார்கள். பழுத்த எஃகிலிருந்து பொறிகள் எங்கள் காலடிவரை தெறித்தன. வாள் கொல்லராக ஜப்பானில் ஐந்தாண்டு குருவிடம் பயின்று அரசின் தேர்வில் தேற வேண்டும். தேறிய பின்னும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக் கூடாது. இவ்வளவு சிறிய தேவைக்காக ஒரு பேருலை எரிகிறது என்பதைக் கணக்காளர் வீண் செலவு என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொல்லருக்கு எஃகு வேண்டும் என்பதால்தான் முராகேக்கு உலை வேண்டியிருக்கிறது. உலை எரிவதால்தான் கரி சுடுபவருக்கும் வேலை இருக்கிறது. பயன் இருக்கும்வரைதான் கைவினை உயிரோடு இருக்கும். காட்சிக்காக மட்டும் மூட்டிய தீ அதிக நாள் எரியாது.

ஒகுஇசுமோ போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயலைப் பாருங்கள், பிறகு யோகோதாவில் வெட்டிய உலையைப் பாருங்கள், பிறகு சுகயாவின் கூரைக்குக் கீழே நில்லுங்கள், கடைசியாக யோஷிடாவில் அந்தப் படத்தைப் பாருங்கள். இந்த வரிசையில் பார்த்தால் தொழில் முழுவதும் விளங்கும்.

பார்த்து முடித்தபின் என் மனத்தில் உறுதியானது இதுதான். 1977இல் அல்லாமல் இன்னும் 20 ஆண்டு கழித்து இந்த முயற்சி தொடங்கியிருந்தால், நிலத்தடி அமைப்பு அப்படியே இருந்திருக்கும், கூரை இருந்திருக்கும், நூல் இருந்திருக்கும். கற்றுக்கொடுக்க ஆள் இருந்திருக்க மாட்டார். தத்தரா பிழைத்தது கடைசி நேரத்தில் இரண்டு முதியவர்களைத் தேடிப் போனதால். எந்த ஊரிலானாலும் ஒரு கைத்தொழில் மறைகிறது என்று தெரிந்தால், அதன் கருவிகளைச் சேர்ப்பதற்கு முன்னே, அதைக் கையால் செய்தவர் யார் எஞ்சியிருக்கிறார் என்று தேடிப் போங்கள். அவர் பக்கத்தில் ஓர் இளைஞரை உட்கார வையுங்கள். கருவிகளை அடுத்த ஆண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.